பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர்

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போலந்திலிருந்து டோக்கியோவுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியது, நாஜிகளின் கொலை முகாம் இருந்த இடத்தில் உள்ள ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையைப் பற்றி ஜப்பானியப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறிய கல்வி மையம் ஒன்று டோக்கியோவில் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஃபுமிகோ இஷியோகா, நாஜி முகாம்களில் மாண்ட குழந்தைகளோடு தொடர்புடைய பொருள்கள் ஏதேனும் இரவலாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பார்சலைப் பிரித்தால் ஒரு குழந்தையின் காலணி, ஒரு காலுறை, ஒரு ஸ்வெட்டர், நச்சுவாயு அடைத்திருந்த டப்பா ஒன்று, ஒரு பயணப் பெட்டி. பெட்டியின் மேல் வெள்ளை வண்ணத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு பெயர்: ஹன்னா பிராடி. கூடவே பிறந்த தேதி, 1931 மே 16. அதோடு ஜெர்மன் மொழியில் ஒரு சொல். அதற்குப் பொருள் ‘அநாதை’.

மையத்துக்கு வந்த பிள்ளைகள் பெட்டியைத்தான் சுற்றி நின்றார்கள். யார் இந்தப் பெண்? பார்க்க எப்படி இருப்பாள்? அப்பா அம்மா எங்கே? பெட்டிக்குள் என்ன வைத்திருந்தாள்? பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று? இஷியோகாவிடம் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. பெட்டி காலியாகத்தான் வந்திருந்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்டார். தேடிப் பார்க்கிறேன் என்றார்.

வரலாற்றின் மிகக் கொடிய பக்கங்களைச் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லலாமா, சொன்னால் எப்படிச் சொல்வது என்ற கேள்வி ஆசிரியர்களையும் பெற்றோரையும் எப்போதும் உறுத்திக்கொண்டிருப்பது. இந்தக் கேள்வியை எங்கே பேசினாலும் எனக்கு அந்த டோக்கியோ அறைதான் நினைவுக்கு வரும். அங்கே பாடம் இறந்துபோன குழந்தைகளின் எண்ணிக்கையில் ஆரம்பிக்கவில்லை. பிணக்குவியல் படத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒரு பெயரில் ஆரம்பித்தது, அந்தப் பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் தாமாகவே கேட்ட கேள்விகளில் நகர்ந்தது. அதுதான் சரியான வரிசை என்பது என் உறுதியான எண்ணம். அந்த வரிசை ஏன் முக்கியம், அதில் எங்கெங்கே நாம் தவறுகிறோம் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அந்தத் தேடல் எப்படிப் போனது என்று பார்த்துவிடலாம். ஆஷ்விட்ஸிலிருந்து கிடைத்த ஒரே துப்பு, அந்தப் பெண் தெரேசினிலிருந்து கொண்டுவரப்பட்டவள் என்பது. தெரேசின் இன்றைய செக் குடியரசில் இருக்கிற பழைய கோட்டை நகரம். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் இடமாக மாற்றினார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு இஷியோகா கடிதம் எழுதினார். பதிலாக வந்தவை ஹனா (பெட்டியில் ஹன்னா என்று எழுதியிருந்த அதே பெண்) வரைந்த ஓவியங்களின் படங்கள். ஊரும் பேரும் முகமும் தெரியாத பெண்ணின் கை வரைந்த கோடுகள் முதலில் கிடைத்துவிட்டன. அந்த ஆண்டு கோடையில் இஷியோகாவே தெரேசினுக்குப் போனார். முகாமிலிருந்து கிழக்கே அனுப்பப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலில் ஹனாவின் பெயர் இருந்தது. அதே குடும்பப் பெயரோடு இன்னொரு பெயரும் இருந்தது. இறந்துபோனவர்களின் பெயருக்கு எதிரே இட்டிருந்த குறி, ஹனாவின் பெயருக்கு எதிரே இருந்தது. அந்த இன்னொரு பெயருக்கு எதிரே இல்லை. அது அவளுடைய அண்ணன் ஜார்ஜ். முகாமில் அவரோடு ஒரே அறையில் இருந்த ஒருவரைப் பிராகில் கண்டுபிடித்து, அவர் மூலமாகக் கனடாவின் டொரன்டோவில் வாழ்ந்துகொண்டிருந்த ஜார்ஜின் முகவரியை வாங்கிவந்தார்.

ஜார்ஜுக்குக் கடிதம் போனது. அவர் பதில் எழுதினார், புகைப்படங்களும் அனுப்பினார். 2001 மார்ச்சில் மகளையும் அழைத்துக்கொண்டு டோக்கியோவுக்கே வந்தார். பெட்டியைச் சுற்றி நின்று கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு, ஓராண்டுக்குப் பிறகு, அந்தப் பெண்ணின் அண்ணனே நேரில் வந்து பதில் சொன்னார். ஹனா செக் நாட்டின் நோவே மெஸ்தோ என்ற சிற்றூரைச் சேர்ந்தவள். அப்பா அம்மா மளிகை முதல் எல்லாம் விற்கும் ஒரு கடை வைத்திருந்தார்கள். பனிச்சறுக்கில் கெட்டிக்காரி. ஊரில் யூதப் பிள்ளைகள் என்றால் அவளும் அண்ணனும் மட்டும்தான். 1942இல் தெரேசினுக்குக் கொண்டுபோகப்பட்டாள். 1944 அக்டோபர் 23 அன்று ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டாள். வயது பதின்மூன்று.

இந்த விவரங்களைக் கேட்கிற பிள்ளை எதைப் பிடித்துக்கொள்கிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலையில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஹனாவின் கதையைச் சொன்னபோது அவர்கள் நச்சுவாயு டப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. கடை என்னவாயிற்று என்று கேட்டார்கள். ஊரில் மற்ற பிள்ளைகள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் உட்கார்ந்த இடம் காலியாகவே இருந்ததா என்று ஒரு பையன் கேட்டான். பதினொரு வயதுக்கு எட்டக்கூடிய கொடுமை அங்கேதான் இருக்கிறது.

அது வரலாற்றுக்கும் பொருந்திய கேள்விதான். நாஜிகளின் கொலை முகாம் திடீரென்று முளைத்து வந்துவிடவில்லை. ஹனாவின் ஊரில் முதலில் திரையரங்கில் யூதர்களுக்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. பிறகு சறுக்கு விளையாடும் இடத்துக்குப் போக முடியவில்லை. மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடமும் கிடையாது என்று ஆனது. 1941இல் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1941இல் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதே ஆண்டில் அப்பாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். யூதரல்லாத மாமா ஒருவர் பிள்ளைகள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அதன் பிறகுதான் ரயில். இந்தப் படிகளை ஒவ்வொன்றாக வைத்தால் சிறுபிள்ளையும் தொடர்ந்து வருகிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் உத்தரவு போட்டார், யாரோ ஒருவர் பலகையை மாட்டினார், பலர் பார்த்துக்கொண்டு போனார்கள், ஒரு மாமா கதவைத் திறந்தார் என்பதும் விளங்குகிறது. குற்றம் செய்தவர்கள் அரக்கர்கள் என்று சொல்லிவிட்டால் பாடம் சுலபமாகிவிடும். ஆனால் அரக்கனைப் பார்த்துப் பயப்படலாம், விசாரிக்க முடியாது. பலகை மாட்டியவரைப் பற்றி விசாரிக்கலாம்.

எந்த வயதில் தொடங்குவது என்பதில் இரு பெரிய நிறுவனங்கள் இரு விதமாக நடக்கின்றன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் (யூதப் படுகொலை) நினைவு அருங்காட்சியகம், ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள மாணவர்களுக்கே இந்தப் பாடம் ஏற்றது என்கிறது. ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் என்ற யூதப் படுகொலை நினைவு நிறுவனம் அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கும் பாடம் வகுத்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. இஸ்ரேலில் நினைவு நாளன்று காலை பத்து மணிக்கு நாடெங்கும் சங்கு ஒலிக்கும். சாலையில் கார்கள் நின்றுவிடும், பெரியவர்கள் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பார்கள். அதைப் பார்க்கிற ஐந்து வயதுப் பிள்ளை ஏன் என்று கேட்கத்தான் செய்யும். பதில் சொல்லாமல் விட்டால் அது தானாக ஏதாவது கற்பனை செய்துகொள்ளும். ஆகவே மிகச் சிறியவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளையின் கதை, அதுவும் உயிர் பிழைத்த பிள்ளையின் கதை. கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு குடும்பம். அதற்கும் பிறகு ஒரு சமூகம், அரசு, சட்டம். அங்குள்ள கல்வியாளர்கள் இதை, பிள்ளையைப் பத்திரமாக உள்ளே அழைத்துப்போய்ப் பத்திரமாக வெளியே கூட்டிவருவது என்கிறார்கள்.

‘வெளியே கூட்டிவருவது’ என்ற பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது குழந்தை கொல்லப்பட்ட செய்தியைச் சொல்லி மணி அடித்ததும் அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகும். இரவில் அதுதான் வந்து நிற்கும். கடுமையான செய்தியை வகுப்பின் நடுவில் சொல்ல வேண்டும். அதன் பிறகு பேச நேரம் இருக்க வேண்டும், பேசாமல் உட்கார்ந்திருக்கவும் நேரம் இருக்க வேண்டும். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த அவசரப்படவும் கூடாது.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் படித்த காலத்தில் ஒரு பத்திரிகையின் நடுப்பக்கத்தில் முகாமின் பிணக்குவியல் படத்தைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு. இன்று வரை அந்தப் படத்தில் இருந்த ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. அப்போது கேட்கவும் தோன்றவில்லை. அதிர்ச்சி கேள்வியை அடைத்துவிடுகிறது. இந்தப் படுகொலையைக் காட்டும் அந்தக் காலத்துப் படங்களில் பலவற்றை எடுத்தவர்கள் கொலை செய்த தரப்பினரே என்பதையும் நினைக்க வேண்டும். அவற்றில் கொலைகாரன் எப்படிப் பார்த்தானோ அப்படியே நாமும் அந்த மனிதர்களை முதன்முதலாகப் பார்க்கிறோம். ஹனாவை அவள் வரைந்த ஓவியத்தின் வழியாகப் பார்ப்பது அதற்கு நேர் எதிர்.

ஓவியங்கள் எப்படித் தப்பின என்பது தனிக்கதை. அதிலும் பெட்டிகள் வருகின்றன, இரண்டு பெட்டிகள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1898இல் வியன்னாவில் பிறந்த ஓவியர். வைமார் நகரத்தில் இயங்கிய புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். 1942 டிசம்பரில் தெரேசினுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே யூதப் பிள்ளைகளுக்கு முறையான கல்வி தடை செய்யப்பட்டிருந்தது. பாட்டும் படமும் பொழுதுபோக்குக் கணக்கில் விட்டுவைக்கப்பட்டிருந்தன. அந்த இடைவெளிக்குள் புகுந்து ஆசிரியர்கள் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். காவலர் வருகிறாரா என்று பார்க்க வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்திவிட்டுக் கணக்கும் வரலாறும் நடந்தன. ஃப்ரீடல் ஓவிய வகுப்பை எடுத்துக்கொண்டார். தாள் கிடைக்காது. அலுவலகத்தில் பயன்படுத்தித் தள்ளிய படிவங்களின் பின்பக்கத்தில் வரைந்தார்கள், அவற்றையே கிழித்து ஒட்டிப் படம் செய்தார்கள்.

அவர் பிள்ளைகளிடம் முகாமை வரை என்று சொல்லவில்லை. வரையாதே என்றும் சொல்லவில்லை. ஒரு தாளத்தைக் கேட்டு அதைக் கோடாக்கச் சொன்னார். முன்னால் வைத்த குவளையையும் பூவையும் வரையச் சொன்னார். ஜன்னல் வழியே தெரிந்ததையும் நினைவில் இருந்த வீட்டையும் வரையச் சொன்னார். இன்று அந்த ஓவியங்களைப் பார்த்தால் அடுக்குக் கட்டில்களும் சோற்றுக்கு நிற்கிற வரிசையும் உண்டு. ஆனால் அதிகம் இருப்பது பூக்கள், வீடு, சாப்பாட்டு மேஜை, புல்வெளி. இன்னொன்றையும் அவர் வலியுறுத்தினார்: ஒவ்வொருவரும் தான் வரைந்த தாளில் தன் பெயரை எழுத வேண்டும். எண் கொடுத்து அழைத்த இடத்தில் அவர் பெயர் கேட்டார். 1944 அக்டோபரில் அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். சில நாள்களில் கொல்லப்பட்டார். அதற்கு முன் ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் அடைத்து மறைத்து வைத்துவிட்டார். போர் முடிந்ததும் அவை பிராக் நகரத்தின் யூதச் சமூகத்திடம் வந்து சேர்ந்தன. இன்று பிராகின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. பிங்காஸ் ஜெபக்கூடத்தின் மேல்மாடியில் அவற்றில் சிலவற்றைக் காணலாம். கீழே சுவர் முழுக்கக் கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் யூதர்களின் பெயர்கள். ஹனாவின் ஓவியங்கள் டோக்கியோவுக்குத் தெரியவந்தது, ஒரு ஓவிய ஆசிரியை பெயர் எழுதச் சொன்னதால்தான்.

தெரேசின் வழியாகச் சென்ற குழந்தைகள் சுமார் 15,000 பேர் என்றும், அவர்களில் பத்தில் ஒன்பது பங்கினர் கொலை முகாம்களில் மாண்டார்கள் என்றும் வாஷிங்டன் அருங்காட்சியகம் சொல்கிறது. ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகள் 15 லட்சம் பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இந்த எண்களைச் சொல்லத்தான் வேண்டும். எப்போது சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹனாவைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு 15 லட்சம் என்றால் ஹனாவைப் போல 15 லட்சம் பேர். தெரியாத பிள்ளைக்கு அது ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடை. மத்திய பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் நாஜிகளைப் பற்றி ஒரு நல்ல அத்தியாயம் இருக்கிறது; நாஜி ஆட்சியில் இளைஞர்கள் எப்படி வளர்க்கப்பட்டார்கள் என்பதுகூட அதில் வருகிறது. அதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் பேசினால் ஆண்டுகளும் எண்களும் மணிமணியாக வருகின்றன. ஒரே ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லு என்றால் ஆன் ஃபிராங்க் என்ற பெயர் வரும். அதற்கு மேல் இல்லை.

ஆன் ஃபிராங்கைக் கற்பிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த காலத்தில் அந்த யூதச் சிறுமி எழுதிய நாட்குறிப்பு 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நின்றுவிடுகிறது. மூன்று நாளில் பிடிபட்டாள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் நோயில் இறந்தாள். அதாவது உலகமே படிக்கிற அந்த நூலுக்குள் முகாம் இல்லை. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்று தான் இன்னும் நம்புவதாக அவள் எழுதிய வரியை எடுத்துப் பாடத்தின் கடைசியில் வைத்து, எல்லோரையும் நிம்மதியாக அனுப்பிவிடுகிற வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அது அவள் பிடிபடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன் எழுதியது. அதற்குப் பிறகு அவள் என்ன நினைத்தாள் என்பதை எழுத அவளுக்குத் தாளும் இல்லை, காலமும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆறுதல் வேண்டும் என்பதற்காகச் செத்துப்போன ஒரு பெண்ணின் வாயில் கடைசி வார்த்தையாக அதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் கோபக்காரி, வாயாடி, அம்மாவோடு சண்டை போட்டவள், எழுத்தாளராக வேண்டும் என்று திருத்தித் திருத்தி எழுதியவள். அதைச் சொல்லித்தந்தால் பிள்ளைகளுக்கு அவள் நெருக்கமாகிவிடுவாள்.

உயிரோடு இருந்த பிள்ளைகளைக் காட்டுவது என்றால் என்ன என்பதற்குத் தெரேசினின் முதலாம் எண் அறையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஹனாவின் அண்ணன் ஜார்ஜ் இருந்தது அந்தச் சிறுவர் விடுதியில்தான். அங்கிருந்த பையன்கள் ‘வேதெம்’ என்ற பெயரில் ஒரு வார இதழ் நடத்தினார்கள். ஒரே ஒரு பிரதிதான். வெள்ளிக்கிழமை மாலையில் எல்லோரும் கூடி உட்கார, எழுதியவர்கள் எழுந்து வாசிப்பார்கள். ஆசிரியர் பெத்ர் கின்ஸ், முகாமுக்கு வந்தபோது பதினான்கு வயது. கட்டுரை தராத பையன்களை விரட்டி விரட்டி வாங்குவான்; யாரும் தராத வாரம் வெவ்வேறு புனைபெயர்களில் தானே எழுதி நிரப்புவான். முகாமைச் சுற்றிப் பார்த்து எழுதும் தொடர் ஒன்று அதில் வந்தது. ரொட்டி சுடும் இடத்துக்குப் போய் எப்படி வேலை நடக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். பிணம் எரிக்கும் இடத்துக்கும் அதேபோலப் போய் எழுதினார்கள். கவிதை, பகடி, அறைத்தோழர்களைக் கிண்டல் செய்யும் குறிப்புகள் எல்லாம் உண்டு. ஏறத்தாழ 800 பக்கங்கள். கடைசியில் அந்த அறையிலிருந்து மிஞ்சியிருந்த ஒரு பையன் அவற்றை மறைத்து வைத்துக் காப்பாற்றினான்.

பெத்ர் கின்ஸ் நிலவின் மேல் நின்று பூமியைப் பார்ப்பதுபோல ஓர் ஓவியம் வரைந்தான். 1944 செப்டம்பர் இறுதியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டபோது வயது பதினாறு, திரும்பவில்லை. 2003இல் இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் அந்த ஓவியத்தின் நகலைக் கொலம்பியா விண்கலத்தில் எடுத்துச் சென்றார். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. நம் கல்பனா சாவ்லாவும் அதே கலத்தில்தான் இருந்தார். பெத்ர் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவனுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள். இந்தச் செய்தி பரவியபோது, பிராகில் ஒரு வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்த சில நோட்டுகளை ஒருவர் கவனித்தார். பெத்ரின் நாட்குறிப்புகள். கல்பனா சாவ்லாவைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்குப் பெத்ரை அறிமுகம் செய்ய இந்த ஒரு வாசலே போதும்.

இப்போது நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். வாசிப்பு வட்டத்தில் ஹனாவின் கதையைப் பாதி சொன்னதும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, நீங்களாக இருந்தால் அந்தப் பெட்டிக்குள் என்னென்ன எடுத்து வைப்பீர்கள், எழுதுங்கள் என்றேன். நல்ல பயிற்சி என்றுதான் நம்பினேன். கிரிக்கெட் மட்டை, தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டை, போன் சார்ஜர், முறுக்கு டப்பா என்று எழுதினார்கள். உற்சாகமாக ஒருவர் தாளை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சுற்றுலாவுக்குக் கிளம்புகிற பட்டியலாகிவிட்டது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நான் கேட்ட கேள்வியே அப்படி. ஹனாவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களை அவரவர் பக்கம் திருப்பிவிட்டேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இத்தகைய நடிப்புப் பயிற்சிகள் வேண்டாம் என்று வாஷிங்டன் அருங்காட்சியகம் ஆசிரியர்களை எச்சரிப்பது. சட்டையில் நட்சத்திரம் குத்தவைப்பது, வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் காவலர் ஆக்குவது, மேஜைக்கு அடியில் ஒளியவைத்து ரயில்பெட்டி என்பது, எல்லாமே அந்த வகைதான். சில பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும், சிலருக்குப் பயமாகிவிடும். இரண்டிலும், அந்தக் காலத்துப் பிள்ளைகள் பட்டது இவ்வளவுதான் என்ற பொய்யான எண்ணம் மிஞ்சும். நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஹனா என்ன வைத்திருந்தாள் என்பது. அதற்குப் பதில், யாருக்கும் தெரியாது என்பது. அந்தப் பதிலோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கப் பிள்ளைகளால் முடியும். பெரியவர்களுக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

தெரியாததைத் தெரியாது என்பதும், தவறாகத் தெரிந்ததைத் திருத்துவதும் இந்தப் பாடத்தில் மிக முக்கியம். தெரேசினில் எழுதப்பட்ட பட்டாம்பூச்சிக் கவிதை ஒன்று உலகெங்கும் பள்ளிச் சுவர்களில் இருக்கிறது, ஒரு குழந்தையின் கவிதை என்ற குறிப்போடு. அதை எழுதிய பாவெல் ஃப்ரீட்மன் 1921இல் பிறந்தவர். கவிதையில் உள்ள தேதி 1942 ஜூன். இருபத்தொரு வயது இளைஞர். அதனால் கவிதையின் மதிப்பு குறையவில்லை. ஆனால் நெகிழ்ச்சிக்காக அவர் வயதைக் குறைத்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இந்தப் படுகொலையே நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறு தவறு ஒன்று கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பொய் என்பார்கள். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வதில்தான் நாம் மிகவும் கறாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, இது எங்கேயோ யாருக்கோ நடந்தது என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ டொரன்டோவிலோ பாடம் எடுக்கிற தமிழ் ஆசிரியரின் முன்னால் 1983 ஜூலையில் வீடிழந்தவரின் பேத்தி உட்கார்ந்திருக்கலாம், 2009இல் வன்னியிலிருந்து தப்பிவந்தவரின் மகன் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு ரயில், முகாம், பட்டியல், காணாமல்போன மாமா என்ற சொற்கள் பாடச் சொற்களல்ல. உன் வீட்டில் என்ன நடந்தது, சொல்லு என்று வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்துவது கொடுமை. அது பேச விரும்பினால் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். எது பெரிய துயரம் என்று அளந்து பார்க்கிற பேச்சுக்கும் இடம் தரக் கூடாது.

பெட்டிக்குத் திரும்புகிறேன். 2004இல் ஹனாவின் குடும்பத்தார் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோது, அதில் பெட்டியின் கைப்பிடி வேறு இடத்தில் இருந்ததைக் கவனித்தார்கள். விசாரித்தபோது ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் உண்மையைச் சொன்னது. ஹனாவின் அசல் பெட்டி 1984இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு கண்காட்சிக்காக இரவல் போயிருந்தபோது தீயில் எரிந்துவிட்டது. டோக்கியோவுக்கு வந்தது படங்களைப் பார்த்துச் செய்த நகல். இஷியோகாவும் ஜார்ஜும் அதை மறைக்கவில்லை. எல்லோருக்கும் சொன்னார்கள். அந்த நகல் வந்திராவிட்டால் ஓவியங்களைத் தேடியிருக்க முடியாது, ஜார்ஜையும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஜார்ஜ் பிராடி 2019 ஜனவரியில் இறக்கும்வரை பிள்ளைகளிடம் தங்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இதை வாசிப்பு வட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ‘ஏமாத்திட்டாங்களா?’ என்று ஒரு பையன் கேட்டான். அருங்காட்சியகம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னொருவன் சொன்னான்; எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பெண் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் தன் நோட்டில் பெட்டியைப் படமாக வரைந்து, கீழே ‘ஹனாவின் பெட்டி’ என்று எழுதியிருந்தாள். அதைத் திறந்து, அழிப்பானைத் தேடி, பிறகு அழிக்காமல், அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்: ‘இது நகல். அவள் பெட்டி பர்மிங்காமில் எரிந்துவிட்டது. 1984.’